கைக்குத் தெரியாத சுவர்

செண்பகவடிவு ஒரு பொருளின் மேல் மை உருட்டிக் காகிதத்தை வைத்துத் தேய்த்து எடுத்தால் அந்தப் பொருளின் சொரசொரப்பு காகிதத்தோடு போய்விடும் என்பது நெட்டூரணியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். பார்வைக்கு மட்டும் பொருள் இருந்தபடியே இருக்கும், பள்ளம் பள்ளமாகவும் மேடு மேடாகவும் கண்ணுக்குத் தெரியும், ஆனால் கையை வைத்தால் பீங்கான் தட்டில் வைத்ததுபோல வழுக்கிக்கொண்டு போகும். இதைப் போய் யாரும் அதிசயம் என்று சொல்லவில்லை. மேலத்தெருவில் ஒருத்தி உறை ஊற்றினால் பால் தயிராவதே இல்லை, தபால்காரர் கையில் எந்தக் கடிகாரத்தைக் கட்டினாலும் நின்றுவிடும், அந்த வரிசையில் இதுவும் ஒரு கைவாகு என்று ஊர் எடுத்துக்கொண்டது.

வடிவு படம் வரைய யாரிடமும் படிக்கவில்லை. பத்தாவது தவறியவள், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் பத்திரிகை மடிக்கவும், சாயங்காலம் உருளைகளை மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கவும் சேர்ந்தாள். முகூர்த்த மாதங்களில் டப்பாவின் அடியில் மெரூன் மை மிஞ்சும், அதை வழித்துக் குப்பையில் போட அவளுக்கு மனசு வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பக்கத்தில் மைதீன் பாய் கறிக்கடையைக் கழுவி விட்டிருந்த நேரத்தில், வருஷக்கணக்காகக் கத்தி விழுந்து விழுந்து குழிந்துபோன புளியமரக் கட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றவள், பாயிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அதன் மேல் மிச்ச மையை உருட்டி, கழிவுக் காகிதம் ஒன்றை விரித்து, சோற்றுக் கரண்டியின் முதுகால் தேய்த்து உரித்தாள். காகிதம் கட்டையில் ஒரு பொட்டு மையை விட்டுவைக்காமல் அத்தனையையும் வாங்கிக்கொண்டு வந்தது. வந்தது என்ன படம் என்று பாய் கேட்டார், அச்சக முதலாளி கேட்டார், டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்து தலையைச் சாய்த்துப் பார்த்துக் கேட்டார்கள். ஒன்றுமில்லை, படம்தான் என்றாள். அவளுக்கே அதற்கு மேல் தெரியவில்லை, ஆனால் அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பசி எடுக்கவில்லை.

அடுத்த வாரம் பாய் தொடைக்கறியைக் கட்டையில் வைத்துக் கத்தியை ஓங்க, கறி நழுவித் தெருவில் விழுந்து, நாய்க்கு நல்ல காலம் பிறந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே ஆனதும் அவர் வடிவை வாய்க்கு வந்தபடி ஏசினார். பிறகு கட்டையின் மேல் ஒரு சாக்கைத் தைத்துப் போர்த்தி வியாபாரத்தைத் தொடர்ந்தார், அத்தோடு அந்தக் கோபம் தீர்ந்தது. ஊர் இப்படித்தான் பழகிக்கொண்டது. பித்தவெடிப்பில் சேலை சிக்கிச் சிக்கிக் கிழிகிறவர்கள் வடிவு வீட்டுக்கு வந்து காலை நீட்ட, அவள் குதிகாலில் மை உருட்டி ஒரு படம் எடுத்துக்கொள்வாள். வெடிப்பு கண்ணுக்கு அப்படியே இருக்கும், ஆனால் சேலையும் சிக்காது, நடந்தால் வலியும் தெரியாது. காலைக் கடிக்கும் புதுச்செருப்பைக் கொண்டுவந்தார்கள், முதுகில் குத்தும் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிவந்தார்கள். உள்ளங்கைக் காய்ப்பைக் காட்டி வந்த ஒரு கொத்தனார் மனைவிக்கு அதையும் எடுத்துக்கொடுத்தாள், மறுமாதம் ரேஷன் கடை இயந்திரம் அந்தப் பெண்ணின் விரலைப் பார்த்து நீ யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டது. அன்றிலிருந்து மனுஷர் கையை மட்டும் தொடுவதில்லை என்று வடிவு கட்டுப்பாடு வைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு உலகம்மாளின் அம்மியை ஆசைப்பட்டு ஒரு படம் எடுத்தபோது அம்மியில் தேங்காய் அரைபடாமல் அப்படியும் இப்படியும் உருண்டது. உலகம்மாள் திட்டிக்கொண்டே அம்மி கொத்துகிறவரைக் கூப்பிட்டு உளியால் கொத்தவைத்தாள். புதிதாகக் கொத்திய புள்ளிகள் கைக்குத் தெரிந்தன, அம்மி பழையபடி அரைத்தது. இதையும் வடிவு பக்கத்தில் நின்று பார்த்தாள். பார்த்தது பிற்பாடு அவளுக்கு மறக்கவே இல்லை.

குற்றாலத்தில் சீசனுக்குக் குளிக்க வந்த ஹேமலதா என்ற சென்னைக்காரம்மாள், சென்னையில் ஓவியக் கூடம் ஒன்று நடத்துகிறவர், கார் பழுதாகி நெட்டூரணியில் இறங்கி, அச்சகச் சுவரில் ஒட்டியிருந்த குதிகால் படங்களைப் பார்த்து நின்ற இடத்தில் நின்றுவிட்டார். அதிலிருந்துதான் வடிவின் காலம் மாறியது. படங்கள் சென்னைக்குப் போயின, பத்திரிகையில் எழுதினார்கள், அதற்கு அரூப ஓவியம் என்று பெயர் சொன்னார்கள். ஊர் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. டீக்கடையில் வட்டமாக வராத தோசையும் அரூபம், கணக்கில் தோற்ற பையனின் விடைத்தாளும் அரூபம். தன் படத்துக்கு அவள் கறிக்கட்டை, மைதீன் பாய் கடை என்று பெயர் எழுதி அனுப்பினால் ஹேமலதா அதை எடுத்துவிட்டுத் தலைப்பில்லாதது என்று போடுவார். எது எதிலிருந்து வந்தது என்று தெரிந்தால் பார்க்கிறவர்கள் அதைத்தான் தேடுவார்கள், படத்தைப் பார்க்கமாட்டார்கள் என்பது அவர் கட்சி. வடிவுக்கு அப்போது அது பிடிக்கவில்லை.

படத்தைப் பார்த்து இது என்ன என்று கேட்காத ஒரே ஆள் கோமதிநாயகம்தான், அவருக்குக் கண் தெரியாது. உலகம்மாளின் புருஷன், பிரம்பு நாற்காலி பின்னுகிறவர். பள்ளிக்கூடங்களிலும் கோர்ட்டிலும் பிய்ந்துபோன நாற்காலிகள் அவரிடம் வந்து குண்டி தாங்கும்படி ஆகித் திரும்பும். பிறந்ததிலிருந்தே பார்வை இல்லாதவர், ஆனால் யார் கையையும் பிடித்து நடந்தவர் இல்லை. பிள்ளையார் முடுக்கு என்ற அந்தக் குறுகலான சந்தில் ஒரு பக்கம் வீடுகள், எதிர்ப்பக்கம் முழுக்கப் பழைய ரைஸ் மில்லின் நீளச் சுவர். முடுக்கில் நுழைந்ததும் அவர் வலது கையைச் சுவரில் வைப்பார், கை முன்னால் போகும், அவர் பின்னால் போவார். சைக்கிள் பெடல் கீறிய இடம், பையன்கள் ஸ்டம்புக்குப் போட்ட மூன்று கோடு, வடிவு வீட்டுக்கு எதிரே சுண்ணாம்பு உப்பிய இடம், கடைசியில் செங்கல் பெயர்ந்த ஒரு பள்ளம், அங்கே திரும்பி எதிரே நடந்தால் அவர் வீட்டுப் படி. சின்ன வயதிலிருந்து அந்தக் கை போய்வந்து, இடுப்பு உயரத்தில் சுவர் நெடுக ஒரு பள்ளக் கோடு விழுந்திருந்தது. வழியில் வடிவு வாசலில் நின்றால் அவர் சிரித்துக்கொண்டே, இன்றைக்கு எதை மழித்தாய் என்று கேட்டுவிட்டுப் போவார்.

அந்தச் சுவரை வடிவு வெகுகாலம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கூடாது என்று தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தாள். ஹேமலதா ஒரு பெரிய கண்காட்சிக்கு நாள் குறித்து, கூடத்தை நிறைக்கிற மாதிரி ஒரு பெரிய படம் வேண்டும், அது வந்தால் உன் பெயர் இந்த நாட்டைத் தாண்டிவிடும் என்று போனில் சொன்ன பிறகு, அந்தக் கூடாது கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துபோனது. அம்மன் கொடை அன்று முடுக்கு மொத்தமும் கோயிலில் கிடந்தது, கோமதிநாயகமும் வில்லுப்பாட்டுக் கேட்க முன்வரிசையில் இருந்தார். விடிந்த கையோடு வடிவு மையும் காகிதக் கட்டும் கரண்டியுமாக இறங்கினாள். இத்தனை வருஷம் நடந்த மனுஷனுக்குச் சுவரா வேண்டும், காலுக்கே வழி தெரியும் என்று நினைத்துக்கொண்டாள். அதை நினைக்கும்போதே அது பொய் என்று தெரிந்தது, தெரிந்தும் கரண்டியால் தேய்த்துக்கொண்டே போனாள். காகிதங்களை வரிசையாக வீட்டுக்குள் விரித்துப் பார்த்தாள். கறுப்பும் சாம்பலுமாகப் பொரிந்து கிடந்த அத்தனை காகிதங்களுக்கும் நடுவே, மை ஒட்டாத அந்தப் பள்ளம், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் வெள்ளைக் கோடாக ஓடியது. அதுவரை அவள் எடுத்த எதுவும் அதற்குப் பக்கத்தில் நிற்காது.

சாயங்காலம் கொடை முடிந்து வந்த கோமதிநாயகம் சுவரில் கையை வைத்தார். கை எதிலும் நிற்காமல் போனது, அவரும் கூடவே போனார், வடிவு வீட்டைத் தாண்டினார், தன் வீட்டைத் தாண்டினார், முடுக்கைத் தாண்டி ஊரணித் தண்ணீரில் கால் நனைந்ததும்தான் நின்றார். ஆட்கள் பிடித்துக்கொண்டு வந்து விட்டார்கள். யாரோ சுவரைப் பூசிவிட்டார்களா என்று கேட்டார். எல்லோரும் பார்த்தார்கள், கீறல் இருந்தது, ஸ்டம்புக் கோடு இருந்தது, செங்கல் பெயர்ந்த பள்ளம் இருந்தது. சுவர் அப்படியேதான் இருக்கிறது என்று சத்தியம் செய்தார்கள். கண்ணுக்குத் தெரிகிற ஒன்றைத் தொட்டுப் பார்க்க யாருக்குத் தோன்றும்? கட்டையும் கட்டிலும் எடுத்த வடிவு ஒரு முழுச்சுவரையே எடுப்பாள் என்றும் யாரும் நினைக்கவில்லை. சுவர் மாறிவிட்டது என்று தெரிந்ததெல்லாம் ஆடுகளுக்குத்தான். விலா அரிப்புக்கு அங்கே வந்து உரசுகிற ஆடுகள் ஒன்றிரண்டு நாள் உரசிப் பார்த்துவிட்டு வேறு சுவருக்குப் போய்விட்டன.

கை செத்துவிட்டது என்று கோமதிநாயகம் முடிவுகட்டினார். உலகம்மாள் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் விரலில் ஊசியால் குத்திக் குத்திப் பார்த்தார். ஊசி தெரிகிறது, சுவர்தான் தெரியவில்லை என்றார் இவர். ரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் எட்டிப் பார்ப்பதாகவும், விரல் மரத்துப்போவது இப்படித்தான் ஆரம்பிக்கும் என்றும் டாக்டர் சொன்னது ஊருக்கு நன்றாக விளங்கியது. மாத்திரை வந்தது, பாகற்காய் வந்தது, அவர் உயிராக நினைத்த அல்வா வீட்டுக்கு வருவது நின்றது. பின்னுகிற வேலைதான் பெரிய அடி. ஒரு நாற்காலியை முடித்துவிட்டு இழை சரியாக இறுகியிருக்கிறதா என்று உலகம்மாளைக் கேட்பார், அவள் நன்றாக இருக்கிறது என்பாள். சுவரும் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறாய் என்று சொல்லி அத்தனையையும் பிரித்துப் போட்டுவிடுவார். ஒரு இடத்தில் பொய் சொன்ன கை எல்லா இடத்திலும் பொய் சொல்லும் என்பது அவர் பயம். மாதங்கள் போகப் போக நாற்காலிகள் வருவது நின்றது. உலகம்மாள் கையைப் பிடித்து அவரை முடுக்கில் நடத்திப் போனாள், இந்தப் பக்கம் படி, அந்தப் பக்கம் சாக்கடை என்று அவள் சொல்லிக்கொண்டே போவது வடிவு வீட்டுக்குள் கேட்கும், வடிவு எழுந்து டிவி சத்தத்தைக் கூட்டுவாள்.

சொல்லியிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும். அம்மியை உளியால் கொத்தினது போல யாராவது ஒருத்தர் ஒரு ஆணியை எடுத்துச் சுவரில் கீறிக் கொடுத்திருந்தால் போதும். வடிவு இரண்டொரு தடவை முந்தானைக்குள் ஆணியை வைத்துக்கொண்டு வாசல் வரை போனாள். கீறினால் கை அதைக் கண்டுபிடிக்கும், கண்டுபிடித்தால் மற்ற இடம் ஏன் தெரியவில்லை என்று கேள்வி வரும், கேள்வி வந்தால் கண்காட்சி என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள். அவளுக்குத் தன்னைப் பார்க்கவே கூசியது, ஆனாலும் சொல்லவில்லை. மைதீன் பாய் மட்டும் ஒருநாள் கடை வாசலில் அவளை நிறுத்தினார்.

"வடிவு, நேத்து மில்லு சொவத்துல சாஞ்சி நின்னேன். வழுக்குது."

அவள் தரையைப் பார்த்தாள். பாயும் அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் கடைக் கட்டையின் படம் அப்போது சென்னையில் தொங்கிக்கொண்டிருந்தது, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சுவர்ப் படத்துக்கு என்ன தலைப்பு என்று ஹேமலதா வழக்கத்துக்கு மாறாகக் கேட்டபோது, தலைப்பு வேண்டாம் என்று வடிவே சொன்னாள். அரூபம் எவ்வளவு நல்ல மறைவிடம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. எந்தச் சுவர் என்று உலகத்தில் யாரும் கேட்க முடியாது. கண்காட்சி திறந்தது. அந்த வெள்ளைக் கோட்டைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள், அடிவானம் என்றார் ஒருவர், மௌனம் என்றார் இன்னொருவர். ஜெர்மனியில் ஓர் அருங்காட்சியகம் படத்தைக் கேட்டது, கண்காட்சி முடிந்ததும் அனுப்புவதாகப் பேச்சு. ஊரில் வடிவுக்கு மாலை போட்டார்கள். போட்ட கூட்டத்தில் உலகம்மாளின் தோளை ஒட்டிக்கொண்டு கோமதிநாயகமும் நின்று கை தட்டினார்.

மறுநாள் அவரே அவள் வாசலுக்கு வந்தார், கோலைத் தட்டித் தட்டி. மடியிலிருந்து ஒரு துணிச் சுருளை எடுத்து நீட்டினார். உள்ளே அவருடைய குத்தூசியும், இழையை இழுத்துப் பிடிக்கும் முளைக்குச்சிகளும் கைபட்டுக் கைபட்டுப் பளபளவென்று இருந்தன.

"எனக்கு இனிமே எதுக்கு தாயி? இந்த முடுக்குல உன் கைதான் உசுரோட இருக்கு. வச்சுக்கோ, எதுக்காவது ஆவும்."

அவள் சுருளை வாங்கவில்லை. வாங்காத கையை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. சொல்லிவிட வாயைத் திறந்தாள், வேறொன்று வந்தது. மெட்ராசுக்கு ஒரு எட்டு வந்து என் படத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள் அண்ணாச்சி என்றாள். அவர் வெகுநேரம் சிரித்தார். படம் பார்க்க அவரை யாரும் அதுவரை கூப்பிட்டதில்லை, அதனாலேயே சரி என்றார். உலகம்மாளும் நல்ல சேலையை எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

கூடத்தில் படத்துக்கு முன்னால் கயிறு கட்டி, தொடாதீர்கள் என்று பலகை வைத்திருந்தார்கள். வடிவு கயிற்றை அவிழ்த்துக் கீழே போட்டாள். காவலாளி ஓடிவந்தார், சத்தம் கேட்டு ஹேமலதாவும் வந்தார். அவர் தொடாத இடம் இந்தப் படத்தில் எதுவுமில்லை மேடம் என்று மட்டும் வடிவு சொன்னாள், அவள் முகத்தைப் பார்த்து ஹேமலதா காவலாளியை நிறுத்தினார். வடிவு கோமதிநாயகத்தின் வலது கையை எடுத்து முதல் காகிதத்தின் வெள்ளைக் கோட்டில் வைத்தாள்.

கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு முன்னால் போனது, அவர் பின்னால் போனார். கோலை எங்கே விட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

"இது பெடல் கீறுனது," என்றார். "இந்தா, பயலுவ ஸ்டம்பு." உப்பிய சுண்ணாம்பின் மேல் விரல்கள் ஏறி இறங்கின. "இது உன் வீடு வடிவு." அவர் வேகம் கூடியது, முடுக்கில் நடக்கிற அதே வேகம், பின்னால் உலகம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். கடைசிக் காகிதத்தில் செங்கல் பெயர்ந்த இடத்தில் கை விழுந்ததும் நின்று, பழக்கத்தில் எதிர்ப்பக்கம் திரும்பினார். எதிரே படி இல்லை. திரும்பினவர் அப்படியே நின்றார்.

"எங் கைக்கு ஒண்ணுமில்லையா?"

"இல்ல அண்ணாச்சி."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி."

அவர் ஏசவில்லை. இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று வைத்துத் தேய்த்துப் பார்த்தார், யாரோ காணாமல் போய் வந்ததுபோல ஒவ்வொரு விரலாகத் தடவினார். உலகம்மாள் கீழே கிடந்த கோலை எடுத்து அவர் பக்கத்தில் வந்து நின்றாள், வடிவைத் திரும்பிப் பார்க்கவில்லை. படத்தை எடுத்துக்கொள்ளுங்கள், வெளிநாட்டுக்கு அனுப்பவேண்டாம் என்று வடிவு அழுதாள். சுவரைக் கொண்டுபோய் வீட்டுக்குள் வைத்து என்ன செய்வது, போகட்டும் என்றார் அவர். ரயிலில் ஊர் வந்து சேரும்வரை அவளிடம் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

ஊர் இதையும் எடுத்துக்கொண்டது. விஷயம் தெரிந்ததும் எல்லோரும் போய்ச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள், ஆளாளுக்கு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள், மைதீன் பாய் மட்டும் கடையை ஒருநாள் பூட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார். பிறகு அவரே அம்மி கொத்துகிறவரைத் தேடிக் கூட்டிவந்தார். முடுக்கில் இருந்த அத்தனை வீட்டிலிருந்தும் சுத்தியலும் ஆணியும் கத்தியும் வந்தன. ஒருத்தர் தன் வாசலுக்கு எதிரே மூன்று புள்ளி கொத்தினார், ஒருத்தி பிள்ளையின் கைத்தடத்தைச் சிமெண்டில் பதித்தாள், கோமதிநாயகம் பக்கத்தில் நின்று இங்கே ஆழம் போதாது, அங்கே இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறது என்று திருத்தம் சொல்லிக்கொண்டே வந்தார். புதுச்சுவரை அவர் கை படித்து முடித்ததும் நாற்காலிகள் திரும்பி வந்தன. அல்வாவும் வந்தது. டாக்டர் மட்டும் தன் மாத்திரைதான் கேட்டது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எல்லோரும் போன பிறகு, வடிவு தன் வாசலுக்கு எதிரே தன் கையாலேயே உளி பிடித்து, பெருவிரல் பதிகிற அளவுக்கு ஒரு சின்னக் குழியை, ஓரம் கையைக் கிழிக்காதபடி இழைத்து இழைத்துக் கொத்தி வைத்தாள். அதற்குப் பிறகு அவள் மை உருட்டவில்லை. உருளையைத் துடைத்து அச்சகத்தில் கொடுத்துவிட்டாள், ஹேமலதாவின் போன் அடித்து அடித்து ஓய்ந்துவிட்டது.

காலையில் கோமதிநாயகம் முடுக்கில் வருவார், கை சுவரில் முன்னால் வரும். மூன்று புள்ளியைத் தொடும், பிள்ளைத் தடத்தில் கொஞ்சம் நின்று நகரும். வடிவு ஜன்னலுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். முதல் நாள் ஒரே தடவை தொட்டு அறிந்ததோடு சரி, அதற்குப் பிறகு அவளுடைய குழி வருவதற்கு ஒரு விரற்கடை முன்னால் அவர் கை சுவரை விட்டு எழும்பும், அந்தரத்திலேயே அந்த இடத்தைக் கடக்கும், கடந்ததும் மறுபடி சுவரில் இறங்கும். ஒருநாள்கூட அந்தக் கை தவறியதில்லை.